எங்கள் வீட்டு விப்பெட் இருந்த விரதம்

"இன்னாண்ணா, நாய்க்குச் சோறு போடறதே இல்லியா? வூட்ல அரிசி இல்லன்னா சொல்லு, ரெண்டு படி அனுப்பறேன்."

பக்கத்து வீட்டு அம்மா வாசல் தெளிக்கும்போது தினமும் இதைக் கேட்பாள். கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள். நாங்கள் இருப்பது தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். இங்கே நாய் என்றால் தெருவில் படுத்திருக்கும், வண்டி வந்தால் குரைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடும், மிச்சம் மீதியைத் தின்னும். எங்கள் வீட்டுக்கு வந்த நாய் இதில் எதிலும் சேராது.

என் மகன் பெங்களூரில் ஒரு வீட்டில் கார் ஓட்டினான். அந்தக் குடும்பம் வெளிநாட்டுக்குப் போனபோது நாயைத் தங்களோடு கொண்டுபோக முடியவில்லை. அந்த வீட்டு அம்மா நாயைக் கட்டிக்கொண்டு அழுதாராம். இவனுக்கு மனசு கேட்காமல், "எங்க அப்பா அம்மா பாத்துப்பாங்கம்மா" என்று சொல்லிவிட்டான். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊருக்கு வந்த லோடு வண்டியில் தன்னோடு ஏற்றிக் கொண்டுவந்து, இரண்டு நாள் இருந்துவிட்டு, வேறு வேலைக்குப் போய்விட்டான். போகும்போது, "இது விப்பெட்டுங்கற ஜாதிப்பா. ரொம்ப சாது" என்றான். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

இறக்கிவிட்டபோது பார்த்த என் மனைவி, "அய்யோ பெருமாளே, பட்டினி போட்டுக் கொன்னுட்டாங்களே" என்றாள். பார்க்க அப்படித்தான் இருந்தது. நெஞ்சு மட்டும் ஆழமாக இறங்கியிருக்கும். அங்கிருந்து வயிறு சட்டென்று மேலே ஏறி இடுப்போடு ஒட்டிக்கொள்ளும். கால் நாலும் குச்சி. முகம் நீளமாகக் கூம்பியிருக்கும். காது இரண்டும் பூவிதழ் மடிந்த மாதிரி பின்னால் மடிந்து கிடக்கும். சாம்பல் நிறம், நெஞ்சில் மட்டும் ஒரு கை அளவு வெள்ளை. முடி இருக்கிறதா என்று தடவித்தான் பார்க்க வேண்டும், அத்தனை குட்டை. பார்த்தவர்கள் எல்லாம், "ராஜபாளையமா, சிப்பிப்பாறையா?" என்று கேட்டார்கள். பெங்களூரில் அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர் இருந்தது. மனைவி வாயில் அது நுழையவில்லை. கண்ணு என்று கூப்பிட்டாள். இரண்டே நாளில் அதற்குத் திரும்பிப் பார்த்தது.

காவலுக்கு ஆகும் என்று நினைத்தேன். ஒரு நாள் மத்தியானம் யாரோ ஒரு ஆள் வந்து, வாசலில் காய்ந்த கடலையை இரண்டு கை அள்ளி மடியில் கட்டிக்கொண்டு போனான். இது எழுந்துபோய் அவன் கையை நக்கிவிட்டு வந்து படுத்தது. குரைத்து நாங்கள் கேட்டது மாசத்துக்கு ஒரு தரம் இருக்கும். பகலில் முக்கால்வாசி நேரம் தூக்கம்தான், அதுவும் தரையில் படுக்காது. என் பாயில், தலையணையில் தலை வைத்து, மனுஷர் மாதிரி படுக்கும். மழை வந்தால் நடுங்கும். கல்வராயன் மலைப் பக்கமிருந்து சில்லென்று காற்று அடித்தாலே போர்வைக்குள் மூக்கை நுழைத்துவிடும்.

மலையில் சாமை விளைத்து வாரச் சந்தைக்குக் கொண்டுவருகிற ஒருவர் எங்களுக்கு வெகுநாள் பழக்கம். நாயின் காலையும் நெஞ்சையும் பார்த்து ஆசைப்பட்டார். "மாமா, இத எங்கிட்ட குடுங்க. மரவள்ளிக் காட்டுல பன்னி வந்து அழிக்குது. தொரத்தட்டும்" என்றார். அன்றைக்குத் தூறல். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இது போய் என் மனைவியின் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டது. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "மலைக்கு வந்தா இதுக்குப் போர்வை போத்தவே ஒரு ஆளு வேணும். பன்னிய நானே தொரத்திக்கறேன்" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஆனால் அது ஓடிப் பார்க்க வேண்டும். கரும்பு வெட்டின வயலில் ஒரு நாள் அவிழ்த்துவிட்டேன். வரப்பிலிருந்து ஒரு முயல் கிளம்பியது. அதன் பிறகு நான் பார்த்தது நாய் இல்லை, தரையோடு தரையாக ஒரு சாம்பல் கோடு. "கண்ணு, கண்ணு" என்று கத்தினேன். ஓட ஆரம்பித்துவிட்டால் அதற்குக் காது கேட்காது. அந்தக் கடைசியில் இருந்த முள்வேலியில் போய்த்தான் நின்றது. நெஞ்சுத் தோல் ஒரு சாண் கிழிந்து தொங்கியது. நம் ஊர் நாய்க்கு அந்த முள் ஒரு கீறல். இதன் தோல் வெங்காயச் சருகு மாதிரி.

கள்ளக்குறிச்சிக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். மாட்டாஸ்பத்திரி டாக்டர் நல்ல மனுஷர், என் மகனை விட நாலைந்து வயது கூட இருக்கும். மயக்க ஊசி போடாமல், அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து தைத்தார். "இந்த ஜாதிக்கு உடம்புல கொழுப்பே கம்மிங்க. மயக்க மருந்து குடுக்க பயந்துதான் குடுக்கணும்" என்றார். தைத்துக்கொண்டே சொன்னார். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த கூலிக்காரர்கள் இதை வளர்த்தார்களாம். பணக்காரர்கள் குதிரைப் பந்தயம் விட, இவர்கள் இதை ஓடவிட்டுப் பந்தயம் கட்டிக்கொண்டார்களாம். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கூலிக்காரன் வளர்த்த நாய், கூலிக்காரன் வீட்டுக்கே வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஊர்ல எல்லாரும் பட்டினி போடறேன்னு பேசறாங்க டாக்டர்" என்றேன்.

"ஜாதியே அப்படித்தாங்க. கடைசி மூணு நாலு விலா எலும்பு தெரியும், அது சரி. எல்லா எலும்பும் தெரிஞ்சா, முதுகெலும்பு முள்ளு மாதிரி நின்னா, உடனே கொண்டாந்துடுங்க."

இரண்டும் அவர் சொன்னதுதான். நான் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து யார் கேட்டாலும் என் வாயில் ஒரே பதில்: "ஜாதியே அப்படிங்க." சொல்லும்போது ஒரு பெருமை கூட. எட்டாவதோடு நின்ற எனக்கு ஊரில் யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் தெரிந்திருக்கிறதே என்று. பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் கிண்டல் பண்ணிப் பண்ணி அலுத்துவிட்டது. இப்போது அவளே வழியில் போகிறவர்களிடம், "அது சீமை நாய், சதை போடாது" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

அந்த வருஷம் எங்களுக்குப் புரட்டாசி சாதாரணப் புரட்டாசி இல்லை. என் மகளுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அப்போதுதான் நாலு மாசம். மனைவி பெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். மாசம் முழுக்க வீட்டுக்குள் கவிச்சி வரக்கூடாது, யாரும் தொடக்கூடாது, எல்லா சனிக்கிழமையும் மாவிளக்குப் போட்டுத் தளிகை. நானும் ஒப்புக்கொண்டேன். எங்கள் வீட்டில் வேண்டுதல் என்றால் விளையாட்டு கிடையாது. என் அப்பா காலத்திலிருந்து நாமம் போடாமல் நாங்கள் சனிக்கிழமை தண்ணீர் குடித்ததில்லை.

நாய்க்கு அதுவரை வாரம் இரண்டு நாள் கோழித் தலை, கால் வேகவைத்துப் போடுவோம், மற்ற நாள் முட்டை. புரட்டாசி பிறந்ததும் தயிர்சாதம். அது ஒன்றும் முரண்டு பிடிக்கவில்லை. முதல் சனிக்கிழமை பூஜை முடிந்ததும், மனைவி விளையாட்டாக அதன் நெற்றியில் ஒரு சின்ன நாமம் போட்டுவிட்டாள். அந்த நீளமுகத்துக்கு அது அப்படிப் பொருந்தியது. தெருவே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமி, எனக்கும் கொஞ்சம் தீர்த்தம் குடு சாமி" என்று அதன் முன்னால் கையை நீட்டினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினோம்.

இரண்டாவது சனிக்கிழமை அது சாப்பிடவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்க, இதுவும் நம்மள மாதிரி சனிக்கிழமை விரதம் இருக்குது. போன ஜென்மத்துல பெருமாள் கோயில்ல சேவகம் பண்ணியிருக்கும்" என்றாள். நான் மறுக்கவில்லை. மறுக்கவில்லை என்ன, நம்பினேன். நாலு பேரிடம் சொன்னேன். வாயில்லாத ஜீவன் மகளுக்காக விரதம் இருக்கிறது, இனி அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது என்று எனக்கே ஒரு தைரியம் வந்தது.

திங்களும் சரியாகச் சாப்பிடவில்லை. புதனும் இல்லை. தூக்கம் அதிகமானது. அதுதான் எப்போதும் தூங்குமே.

பக்கத்து வீட்டு அம்மாதான் முதலில் சொன்னாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. "அண்ணா, நெஜமாவே ரொம்ப எளச்சிப் போச்சுண்ணா."

"ஜாதியே அப்படிம்மா" என்றேன். வாய் அதுவாகச் சொல்லியது.

மூன்றாவது சனிக்கிழமை காலை, மாவிளக்கு ஏற்றிக் கற்பூரம் காட்டும் நேரம். நாய் எழுந்து மெதுவாக வந்து மனைவி பக்கத்தில் நின்றது. கோலத்தில் சொட்டு சொட்டாக ஏதோ விழுந்தது. குங்குமம் சிந்திவிட்டதாக நினைத்தேன். அதன் மூக்கிலிருந்து ரத்தம். நான் தூக்கினேன். தூக்கியபோதுதான் என் கைக்குத் தெரிந்தது. மூன்று நாலு எலும்பு இல்லை, எல்லா எலும்பும். முதுகு முள்ளு முள்ளாக நின்றது. எத்தனை நாளாக அப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் என் பாயில்தான் படுத்தது.

கள்ளக்குறிச்சியில் டாக்டர் அதன் உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டியது சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. காதுக்குள்ளே, கால் விரல் இடுக்கில், உண்ணி. "உண்ணிக் காய்ச்சல்ங்க. ரத்தத்தைத் தின்னுடும். எத்தினி நாளா சாப்புடல?"

"ஒரு வாரமா... விரதம்னு நெனச்சிக்கினோம்" என்றேன்.

அவர் என் நெற்றியைப் பார்த்தார், நாயின் நெற்றியைப் பார்த்தார். அன்றைக்கும் மனைவி அதற்கு நாமம் போட்டிருந்தாள். அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. குளுக்கோஸ் ஏற்றினார், ஊசி போட்டார், ஒரு மாசத்துக்கு மாத்திரை கொடுத்தார். "ரத்தம் ஏத்தினா நல்லது. அதுக்கு வேற நாய் ரத்தம் வேணும், இங்க வசதி இல்ல. பெரிய ஊருக்குப் போகணும். அத்தினி தூரம் வண்டியில தாங்குமான்னும் தெரியல. நாளைக்கும் கொண்டாங்க. ஈரல் குடுங்க, முட்டை குடுங்க. ரத்தம் ஊறணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். மாத்திரை வேளை சொன்னேன், ஊசி சொன்னேன். ஈரலைச் சொன்னதும் அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாசம் முடிய இன்னும் பத்து நாள் இருக்குங்க" என்றாள்.

"இருக்கு."

"பொண்ணுக்கு ஏதாச்சும்..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை.

அந்த ராத்திரி மகன் போன் பண்ணினான். "ஈரல் குடுத்தீங்களாப்பா?" என்றான். "குடுக்கறேன்" என்றேன். அது பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டேன். வீட்டில் பால், பருப்புத்தண்ணி, வெல்லம் கரைத்த தண்ணி, எல்லாம் ஸ்பூனில் ஊற்றினோம். பெருமாளிடம் நின்றால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. மகளைக் காப்பாற்று என்றால் நாயைக் கைவிட்ட மாதிரி இருக்கிறது. நாயைக் காப்பாற்று என்றால் மகள் வயிற்றில் இருப்பதைப் பணயம் வைத்த மாதிரி இருக்கிறது. கோவிந்தா, கோவிந்தா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு அம்மா, "ஈரல எங்க வூட்ல ஆக்கித் தர்றேண்ணா, எனக்கு எந்த வேண்டுதலும் இல்ல" என்றாள். அவள் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தட்டை முகத்துக்கு நேராக வைத்தாள், கெஞ்சினாள், "தின்னுடா ராஜா, எங்க மாமனாருக்குக் கூட நான் இப்படி ஊட்டினதில்ல" என்றாள். அது தட்டைப் பார்க்கவில்லை. எங்கள் வாசற்படியையே பார்த்துக்கொண்டு நடுங்கியது. இந்த ஜாதிக்கு மனசு அப்படி. பழகின இடம், பழகின கை, இரண்டும் வேண்டும். அதட்டினால் கூட இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

புதன்கிழமை விடிந்ததும் நான் தியாகதுருகம் போனேன். புரட்டாசியில் கறிக்கடையில் கூட்டமே இல்லை. "கால் கிலோ ஈரல்" என்றேன். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "இன்னாங்க, நெத்தி நிறைய நாமம் போட்டுக்கினு ஈரல் கேக்கறீங்க?" பழக்கத்தில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். "நாய்க்குங்க" என்றேன். "எல்லாரும் அதத்தாங்க சொல்றாங்க" என்று சிரித்துக்கொண்டே வெட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்குப் போகவில்லை. எங்களுக்கென்று இருக்கிற அரைக்காணி வயலில் ஒரு மோட்டார் கொட்டாய் உண்டு. மூன்று கல் வைத்து, கரும்புச் சோகை போட்டு எரித்து, ஒரு தகர டப்பாவில் வேகவைத்தேன். பிறகு போய் நாயைத் தோளில் போட்டுத் தூக்கிவந்தேன். கொட்டாயில் என் பழைய வேட்டி கிடந்தது, அதன் மேல் படுக்கவைத்தேன். பிசைந்து விரலில் வைத்து நீட்டினேன். நக்கியது. இன்னொரு விரல். அதுவும் நக்கியது. நான் அழுதுவிட்டேன். அப்புறம் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, கிணற்று மேட்டில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தேன். தினம் மூன்று வேளை இப்படி. மூன்று வேளையும் குளியல்.

இரண்டாம் நாள் நான் கிளம்பும்போது மனைவி ஒரு துவைத்த வேட்டியையும் சோப்பையும் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். "அங்கியே மாத்திக்கினு வாங்க. ஈரத்தோட வராதீங்க" என்றாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நன்றாகச் சாப்பிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தானே எழுந்து நின்று, கொட்டாய் வாசல் வரை நடந்து, வயலைப் பார்த்தது. ஈறில் கொஞ்சம் நிறம் வந்த மாதிரி எனக்குப் பட்டது. சனிக்கிழமை கடைசித் தளிகை. எல்லாம் முறையாக நடந்தது. அன்றைக்கு மனைவி அதற்கு நாமம் போடவில்லை.

ஞாயிறு மறுபடியும் மூக்கில் ரத்தம். டாக்டர் வீட்டுக்கே போன் பண்ணினேன், வரச் சொன்னார். குளுக்கோஸ் ஏற்றினார். திங்கட்கிழமை காலையில் ஈரல் வைத்த விரலை நீட்டினேன். முகர்ந்தது. என் விரலை நக்கவில்லை, மணிக்கட்டில் மோவாயை வைத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் மூச்சு வேகமாக இருந்தது. மலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் அடங்கிவிட்டது.

கொட்டாய்க்குப் பின்னால்தான் புதைத்தோம். மனைவியும் பக்கத்து வீட்டு அம்மாவும் வந்தார்கள். குழி சின்னதாகத்தான் வெட்டினேன், அதுவே போதுமாக இருந்தது. மகனுக்கு நான் சொல்லவில்லை, மனைவிதான் சொன்னாள். அவன் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மாத்திரை பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. வேறு யார் நாய்க்காவது ஆகட்டும் என்று எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனேன். டாக்டர் ஒரு கன்றுக்குட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். முடிகிற வரை நின்றேன். மாத்திரையைக் கொடுத்தேன். வாங்கி வைத்தார்.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்க."

"நீங்க சொன்ன சனிக்கிழமையே ஈரல் குடுத்திருந்தா பொழச்சிருக்குமா? நாலு நாள் தள்ளிப் போட்டுட்டேன். எங்க வூட்ல ஒரு வேண்டுதல்."

அவர் கை கழுவிக்கொண்டே இருந்தார். வழக்கத்தை விட அதிக நேரம் கழுவினார் என்று நினைக்கிறேன்.

"சொல்ல முடியாதுங்க" என்றார். "முன்னாடியே ரொம்ப எறங்கிப் போச்சு. நாலு நாள்னால ஆச்சுன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது."

ஆமாம் உன்னால்தான் என்று சொல்லியிருந்தால் பெருமாள் காலில் விழுந்து அழுதிருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லியிருப்பேன். அவர் உள்ளதைச் சொன்னார். அடுத்து ஒருவர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் விலகி வழிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் தியாகதுருகம் பஸ் இரண்டு வந்து போனது. கண்டக்டர் என்னைப் பார்த்துக் கை கூட ஆட்டினார். மூன்றாவது பஸ்ஸில்தான் ஏறினேன். மகளுக்கு ஐந்தாவது மாசம் தொடங்கியிருந்தது.